கிண்டிலில் ‘அசன்பே சரித்திரம்’: கொம்புகள் இடம் மாறி வருகின்றன

வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். உயர்தரம் படித்த காலத்தில் வாசித்த பழைய நாவல்களை வெளிவந்த ஆண்டு வரிசையில் மீண்டும் வாசிப்பது என இவ்வாண்டு உறுதி எடுத்தேன். 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ பெப்ரவரியில் முடிந்தது. அடுத்து, 1885இல் வெளிவந்த, நம் நாட்டுச் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’. மூன்று வாரமாக அதிலேயே நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது நண்பர் ஒருவர் தட்டச்சு செய்து தந்த பிடிஎஃப் கோப்பு; மின்னூல் வாசிக்கும் சாதனம் கிண்டில் பேப்பர்வைட், 11ஆம் தலைமுறை. பிடிஎஃப் ஆகவே திறந்தால் எழுத்து மிகச் சிறிது. என் கண்ணுக்கு எட்டவில்லை. காலிபர் மென்பொருளில் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றினால் எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது, ஆனால் கொம்பு எழுத்துகள் உடைகின்றன. ‘கொடி’ என்ற சொல்லில் கொம்பு முன்னால் புள்ளி வட்டத்தோடு தனித்து நிற்க, பின்னால் ‘காடி’ வருகிறது.

எழுத்துருவை லதாவுக்கு மாற்றியும் பயனில்லை. வேர்டில் கொம்பை அடுத்த எழுத்துக்குப் பின்னால் நகர்த்தும்படி மொத்தமாக மாற்றிப் பார்த்தேன். சில பக்கங்களில் எழுத்து வரிசை ஏற்கெனவே சரியாக இருந்ததால், அங்கே ‘சென்று’ போன்ற சொற்கள் புதிதாகக் கெட்டன. நகரில் இரண்டு கணினிக் கடைகளில் காட்டினேன், தீர்வு கிடைக்கவில்லை. தட்டச்சு செய்த மூலக் கோப்பும் நண்பரிடம் இப்போது இல்லை.

சரியான சொற்களைத் தொடாமல், உடைந்த கொம்புகளை மட்டும் இனங்கண்டு திருத்தும் வழியோ கருவியோ உங்களில் யாருக்காவது தெரியுமா?