வெள்ளப் பாதுகாப்பை எப்படிப் படிப்பிப்பது? (கிளிநொச்சி)

கனகபுரம் ரீச்சர்: 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் (மேலதிக தண்ணீரை வெளியேற்றும் கதவுகள்) திறந்த நேரம் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். இப்போது தரம் 9 பிள்ளைகளுக்கு வெள்ளப் பாதுகாப்பு படிப்பிக்கிறேன். துண்டுப்பிரசுரம் கொடுத்தால் ரொக்கற் செய்து பறக்க விடுகிறார்கள். வேறு என்ன செய்யலாம்?

குளக்கட்டான்: வரைபடம் கீற விடுங்கோ ரீச்சர். வான் பாயும் தண்ணீர் கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். அந்த வருசம் எந்தச் சுவர்வரை ஏறியது என்று அம்மம்மாமாரிடம் கேட்டு, ஒழுங்கை ஒழுங்கையாகக் குறிக்கட்டும். அதுவும் ஆய்வுதான். வாய்க்காலை மூடி மதில் கட்டியவர்களும் பிடிபடுவார்கள். (என் மாமாவும் ஒருவர்.)

ஏ9காரன்: 117ஐப் பாடமாக்க வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலைய அவசர இலக்கம்.

கனகபுரம் ரீச்சர்: சரி தம்பி, மாமாவின் மதிலிலிருந்தே தொடங்குகிறோம்.