புதுப்பிப்பு: பாலிமர் பிஸ்டல் வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே

பிஸ்டலின் பாலிமர் பிரேம் (உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த உடற்சட்டம்) எஃகு போல உழைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இங்கே டெக்சாஸில் சுடுதளத்துக்குப் போய் பாலிமர் பிரேம் உள்ள கிளாக் 17, எஃகு பிரேம் உள்ள 1911 என்ற இரண்டு பிஸ்டல்களையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன்.

மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இல்லாமல் கிளாக் சுமார் 630 கிராம்தான். 1911 ஒரு கிலோவைத் தாண்டும். நாள் முழுக்க இடுப்பில் வைத்திருப்பவர்கள் கிளாக்கை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் 1911-இன் கனமே சுடும்போது வரும் உதைப்பை நன்றாக அடக்குகிறது.

‘வெறும் பிளாஸ்டிக்’ என்ற என் பயம் தவறு. ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி), பேரல் (குழல்) எல்லாம் எஃகு. ஸ்லைடு ஓடும் தடங்களும் பிரேமுக்குள் பதித்த எஃகுதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது: கிளாக்கில் தவறிச் சுடாமல் கையால் பூட்டிவைக்கும் தனி சேஃப்டி லீவர் இல்லை. டிரிகரை முழுசாக மூடும் உறை இல்லாமல் இடுப்பில் செருகவே கூடாது. சரி, உறையை முதலில் வாங்கிவிட்டேன். பிஸ்டல் அடுத்த வாரம்.