முராயாமா சொல்லாமல் விட்ட கதையை இனி யார் எழுதுவது?

கேள்வி (பழைய ஜாய்ஸ்டிக்):
சுய்கோடென் என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையின் முதல் இரண்டு பாகங்களையும் 2025இல் வந்த புதுப்பித்த பதிப்பில் அண்மையில்தான் முடித்தேன். அவற்றை எழுதிய யோஷிதாக்கா முராயாமா 2024 பிப்ரவரி 6 அன்று, 55 வயதில் காலமானார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்த உலகின் 27 ட்ரூ ரூன்கள் எனும் மந்திரச் சின்னங்களில் பலவற்றின் கதை சொல்லப்படாமலே நிற்கிறது. அதை வேறொருவர் எழுதி முடிப்பது முறையாகுமா?

பதில் (மூன்றாம் பாகம்):
அந்தக் கதை அவருடைய மரணத்தால் நின்றுபோனதன்று. மூன்றாம் பாகம் வெளியான 2002ஆம் ஆண்டிலேயே, அது வெளிவருமுன், அவர் விளையாட்டைத் தயாரித்த கொனாமி நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். தான் படைத்த உலகைத் தொடர்ந்து எழுதும் உரிமை நிறுவனத்திடமே தங்கிவிட்டதால், அதன்பின் ஏறக்குறைய 22 ஆண்டுகள் உயிரோடு இருந்தும் அவரால் அதைத் தொட முடியவில்லை. அவர் இல்லாமல் வந்த நான்காம், ஐந்தாம் பாகங்கள் இரண்டுமே முதல் பாகத்துக்கு முந்தைய காலத்துக்குச் சென்றுவிட்டன. முன்னே போக எவருக்கும் துணிவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

பதில் (நூற்றெட்டாமவன்):
அதனால்தான் அவர் 2020இல் ரசிகர்களிடம் நிதி திரட்டி, வேறோர் உலகில் எய்யூடென் க்ரானிக்கிள் என்ற புதிய விளையாட்டைத் தொடங்கினார். 45 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. முதல் சுய்கோடெனின் பாத்திரங்களை வரைந்த ஜுங்கோ கவானோவும் அதில் உடனிருந்தார். விளையாட்டு வெளியானது 2024 ஏப்ரல் 23 அன்று, முராயாமா இறந்து சரியாக 77 நாள் கழித்து. பிறர் எழுதலாமா என்ற கேள்விக்கு என் விடை, எழுதலாம் என்பதே. 108 வீரர்களைக் கொண்ட சீன நாவலின் பெயரைத்தான் ஜப்பானியர் சுய்கோடென் என்று வாசிக்கிறார்கள். அந்த நாவலுக்கே 70, 100, 120 அத்தியாயங்கள் கொண்ட வெவ்வேறு வடிவங்கள் உண்டு, பலர் கைபட்டு வளர்ந்த கதை அது.

பதில் (மூன்றாம் பாகம்):
நாவலுக்குப் பொருந்துவது இதற்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. போகட்டும், கேள்வி கேட்டவரே, முதல் பாகத்தை முடித்தபின் சேமித்த சேவ் கோப்பைக் கொண்டுதானே இரண்டாம் பாகத்தைத் தொடங்கினீர்கள்? அப்படிச் செய்தால்தான் பழைய நாயகன் மீண்டும் வந்து உங்கள் அணியில் சேருவான்.

பதில் (பழைய ஜாய்ஸ்டிக்):
இல்லை, அது எனக்குத் தெரியாது. இன்றிரவே இரண்டாம் பாகத்தை மறுபடி தொடங்குகிறேன்.