மறு: ஹாப்ளோகுரூப் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன்: ஒருமடியக் குழு, தாய்க்குலம், தாய்வழி இனம், மரபுக்கணம். நான்குமே ஆட்களைக் கூட்டமாகச் சேர்க்கும் சொற்கள். எனக்கு அங்கேதான் தயக்கம். ஹாப்ளோகுரூப் (haplogroup) என்பது ஒரு வம்சாவளி மரத்தின் கிளை. தாய்வழியில் பார்த்தால், என்றோ வாழ்ந்த ஒரு தாய், அவளிடமிருந்து மகள்கள் வழியாகவே இறங்கி வந்த டிஎன்ஏ, வரும் வழியில் அதில் ஏற்பட்டு நிலைத்துவிட்ட மாற்றங்கள், இவ்வளவுதான் அதன் பொருள். அந்தக் கிளையில் இன்று யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்புறம் வரும் கேள்வி.

> தாய்க்குலம் என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

புரியும், வேறு பொருளில். மேடையில் ஒருவர் "தாய்க்குலமே" என்றால் கூட்டத்தில் இருக்கும் பெண்கள் அனைவரையும் அழைக்கிறார். இந்த டிஎன்ஏ ஆண்களிடமும் இருக்கிறது. மகனும் தாயிடமிருந்து பெறுகிறான். தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் வேறுபாடு. தவிர, குலம் என்ற சொல் நம்மிடையே சுமந்துவரும் பொதியை இறக்கி வைத்துவிட்டு அறிவியல் பேசுவது எளிதல்ல.

> ஹாப்ளாய்டுக்கு ஒருமடியம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருமடியக் குழு என்றே வைத்துவிடலாமே?

சொல்லாக்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருமடியம் என்றதும் உயிரியல் படித்தவருக்கு விந்தணுவும் கருமுட்டையும் நினைவுக்கு வரும். ஒற்றைத் தொகுதி குரோமோசோம் கொண்ட செல்களின் குழு என்று புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே நாம் பேசுவது இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியாவின்) டிஎன்ஏவை. அது உட்கருவுக்கு வெளியே, 16,569 கார இணைகள் கொண்ட சிறு வளையமாக, ஒரு செல்லுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் இருப்பது. தாய் தந்தை இருவரின் டிஎன்ஏவும் கலந்து மறுசேர்க்கை நடப்பது உட்கருவில். இழைமணியில் அந்தக் கலப்பு இல்லாததால்தான் தாய்வழியை இவ்வளவு தூரம் பின்னோக்கிப் பிடித்துப் போக முடிகிறது.

தாய்வழி இனம்தான் எனக்கு எல்லாவற்றிலும் ஆபத்தாகத் தெரிகிறது. எம் என்று குறிக்கப்படும் பெருங்கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் கிளைத்த எல்3 என்ற கிளையின் மகள் அது. வயது சுமார் 50,000 முதல் 60,000 ஆண்டு. இந்தியாவில் பாதிப்பேருக்கும் மேல் தாய்வழியில் இதற்குள்தான் வருகிறார்கள். எம்2, எம்3, எம்5, எம்6 என்று உட்கிளைகள் நீள்கின்றன. திராவிட மொழி பேசுவோர், இந்தோ-ஆரிய மொழி பேசுவோர், முண்டா மொழி பேசுவோர், பழங்குடிகள், மற்றவர்கள் என யாரையும் அது விட்டுவைக்கவில்லை. கிழக்காசியாவில் பரவலாக உள்ள டி, ஜி கிளைகளும், சைபீரியாவின் சி, இசட் கிளைகளும் இதே எம்-இன் வழிவந்தவை. சி, டி இரண்டின் சில உட்கிளைகள் பெரிங் பகுதியைக் கடந்து அமெரிக்கக் கண்டங்களின் முதற்குடிகளிடம் போய்ச் சேர்ந்தன. நியூகினியில் இருக்கும் கியூவும் எம்-க்குள்தான். அந்தமானில் எம்31, எம்32. எம்42-இல் ஒரு பிரிவு ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இன்னொரு பிரிவு இந்தியப் பழங்குடிகள் சிலரிடமும் இருக்கிறது. இரண்டும் பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவையும் ஓர் 'இனம்' என்றால் அந்தச் சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

எத்தியோப்பியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் காணப்படும் எம்1 இன்னும் சுவையானது. எம் ஆப்பிரிக்காவிலேயே தோன்றியது என்பதற்கு அதை ஒருகாலத்தில் சான்றாகக் காட்டினார்கள். ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போன கிளை அது என்று வாதிட்ட ஆய்வு 2006-இல் வந்தது. இன்று பெரும்பாலோர் ஏற்பதும் அதையே.

ஐரோப்பாவுக்கு வேறு கதை. இன்றைய ஐரோப்பியரிடம் எம் அநேகமாக இல்லை. வடக்கே சாமி (Sámi) என்னும் பழங்குடி மக்களிடம் கொஞ்சம் இசட் உண்டு. அது கிழக்கிலிருந்து பின்னால் வந்தது. ஆனால் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் கிடைத்த பனியுகக் காலத்து எலும்புகள் சிலவற்றில் எம் இருந்ததாக 2016-இல் தெரியவந்தது. அங்கே அந்தக் கிளை பட்டுப்போய்விட்டது. மகள் பிறக்காத இடத்தில் இந்த வழி நின்றுவிடும், பேரன்கள் நூறு பேர் இருந்தாலும். கிளைப்பது, படர்வது, பட்டுப்போவது என்ற வினைகள் எல்லாம் 'குழு'வோடு ஒட்டாது. 'கிளை'யோடு தானாக ஒட்டும்.

ஆகவே என் பரிந்துரை: பொதுவாக ஹாப்ளோகுரூப்புக்கு மரபுக்கிளை. இழைமணி டிஎன்ஏ வழியே அறிவது தாய்க்கிளை, ஒய் குரோமோசோம் வழியே அறிவது தந்தைக்கிளை. எம், என், ஆர் போன்றவை பெருங்கிளைகள். எம்2 போன்றவை உட்கிளைகள். 'தாய்வழி மரபு' என்பதை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். சொத்தும் குடிப்பெயரும் பெண்வழி இறங்கும் சமூக அமைப்புக்கு மானிடவியலார் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

> கிளை என்பது சில சமூகங்களில் ஏற்கெனவே மணவுறவுக்கான பிரிவு. குழப்பம் வராதா?

நியாயமான கேள்வி. கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. ஒரே கிளைக்குள் மணம் செய்வதில்லை. பழந்தமிழிலும் கிளை, கிளைஞர் என்றால் சுற்றம்தான். தாய்வழியே இறங்கும் ஒன்றுக்குத் தமிழில் கிளை என்று பெயர் இருந்திருக்கிறது என்பது எனக்கு இந்தச் சொல்லின் பலமாகவே படுகிறது. ஆனால் ஒன்றை மற்றதாக எண்ணிவிடக் கூடாது. மணவுறவுப் பிரிவு மனிதர்கள் வகுத்த ஏற்பாடு. ஒரே பிரிவுக்குள் பல தாய்க்கிளைகளும் ஒரே தாய்க்கிளைக்குள் பல பிரிவுகளும் தாராளமாக இருக்கலாம். அதனால் வெறும் 'கிளை' என்று விடாமல் முன்னொட்டோடு எழுதவேண்டும்.

> மரத்துக்குத்தான் தமிழில் இவ்வளவு சொல் இருக்கிறதே: கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சி, இணுக்கு. படிநிலைக்கு ஒன்றாக வைத்தால் என்ன?

ஆசையாகத்தான் இருக்கிறது. எல்3 கவை, எம் கொம்பு என்று நானும் எழுதிப் பார்த்தேன். ஆனால் இந்த மரத்தின் படிநிலைகள் நிலையானவை அல்ல. புது மாதிரிகள் கிடைக்கும்போது இரண்டு கணுக்களுக்கு நடுவே புதுக் கணு ஒன்று புகுந்துவிடும். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஃபைலோட்ரீ என்ற மரமே 2016-க்குள் 17 பதிப்புகள் கண்டுவிட்டது. நேற்றுச் சினையாக இருந்தது இன்று போத்தாகிவிட்டால் நூல்களையெல்லாம் திருத்த வேண்டியிருக்கும். கிளை, உட்கிளை, பெருங்கிளை போதும். கணுவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிளையில் உள்ள அனைவருக்கும் பொதுவான மிக அண்மைத் தாயைக் 'கணுத்தாய்' என்று சொல்லலாம். இன்றுள்ள மனிதர் அனைவருக்கும் பொதுவான கணுத்தாயை இழைமணி ஏவாள் என்று எழுதி, உலகின் முதல் பெண்ணே அவள்தான் என்று வாசகரை நம்பவைப்பதைவிட இது மேல். அவள் காலத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள். அவர்களின் மகள்வழி எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிட்டது.

அடுத்து எழுத்துக் குறிகள். இவற்றைக் க, ச, த என்று மாற்றுவதை நான் எதிர்க்கிறேன். அந்த எழுத்துகளின் வரிசையில் பொருள் எதுவும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க முதற்குடிகளை ஆராய்ந்தவர்கள் தாங்கள் கண்டவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்தார்கள். அதனால்தான் மரத்தின் நுனியில் இருப்பவை அகரவரிசையின் தலையிலும், வேரோடு ஒட்டிய எல் நடுவிலும் நிற்கின்றன. தனிமங்களின் குறியீடுகளைப் போல அப்படியே விட்டுவிடுவோம்.

தமிழில் எழுதும்போது மட்டும் ஒரு வேடிக்கை. 'எம் கிளை' என்றால் எங்கள் கிளை. 'என் கிளை' என்றால் என்னுடையது. 'ஆர்' பழைய வழக்கில் யார். "எம் கிளை இந்தியாவில் மிகுதி" என்று இடைவெளி விட்டு எழுதினால் ஏதோ அமைப்பின் ஆண்டறிக்கை மாதிரி இருக்கும். எனவே எம்-தாய்க்கிளை, என்-தாய்க்கிளை என்று இணைகோடு போடுவது கட்டாயம்.

கடைசியாக, மியூட்டேஷனைக் குறிக்கும் 'மரபுப் பிறழ்வு'. இங்கே நாம் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். பரிசோதனை அறிக்கைகள் ஒவ்வொருவரின் இழைமணி டிஎன்ஏ வரிசையையும் கேம்பிரிட்ஜ் மேற்கோள் வரிசை என்ற பொது அளவுகோலோடு ஒப்பிடுகின்றன. 1981-இல் வெளியாகி 1999-இல் திருத்தப்பட்ட அது, எச்-கிளையைச் சேர்ந்த ஒருவருடையது. எச் வருவது என்-இன் வழியில்; என், எம்-ஐப் போலவே எல்3-இன் மகள். ஆகவே எம்-இல் இருப்பவரின் அறிக்கையில் 10400 என்ற இடமும் வேறுபாடாக வரும், 10873 என்ற இடமும் வரும். முதலாவது உண்மையிலேயே எம்-இன் வழியில் நடந்த மாற்றம். இரண்டாவதில் எம் பழைய எழுத்தையே வைத்திருக்கிறது. மாறியது என்-இன் வழி. இரண்டையும் பிறழ்வு என்று எழுதினால் மாறாதவர் மாறியவராகிவிடுவார். அறிக்கையில் தெரிவதற்கு 'வேறுபாடு', மரத்தில் இடம் அறிந்து சொல்வதற்கு 'மாற்றம்' என்று பிரித்துக்கொள்ளலாம். பிறழ்வு என்ற சொல்லை நோயோடு தொடர்புள்ளவற்றுக்கு விட்டுவிடலாம்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி:

"எம்-பெருங்கிளையின் கணுத்தாய் எல்3-இலிருந்து நான்கு மாற்றங்களால் பிரிகிறாள். அவளுடைய உட்கிளைகள் தெற்காசியா, கிழக்காசியா, ஓசியானியா எங்கும் படர்ந்துள்ளன. ஒருவரின் தாய்க்கிளை அவருடைய முன்னோரில் ஒரே ஒரு வழியை மட்டுமே காட்டும். பத்துத் தலைமுறைக்கு முன் அவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றில் இது ஒன்று."

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். ஹாப்ளோடைப்புக்கு, ஒன்றாகக் கோக்கப்பட்டு ஒன்றாகவே இறங்கும் வேறுபாடுகள் என்ற பொருளில், 'மரபுக்கோவை' என்று வைத்திருக்கிறேன். அதில் எனக்கு முழு நிறைவு இல்லை. கோவை என்றதும் நூல் தொகுப்பு நினைவுக்கு வருகிறது. இதைவிடப் பொருத்தமானது யாரிடமாவது இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.