டலஹாச்சி பாலத்திலிருந்து வீசியது என்ன?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். அமெரிக்கப் பாடகி பாபி ஜென்ட்ரி 1967-ல் பாடிய 'ஓட் டு பில்லி ஜோ' பாட்டு ஒரு வாரமாக மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதில் சாப்பாட்டு மேசையில் அம்மா, பில்லி ஜோ என்ற பையன் டலஹாச்சி பாலத்திலிருந்து குதித்துவிட்ட செய்தியைச் சொல்கிறாள். அப்பாவோ காராமணிப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு பிஸ்கட் கேட்கிறார்! மகளுக்கு மட்டும் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்த இடத்தில் எனக்கும் தொண்டை அடைக்கும்.

அவளைப் போலவே ஒரு பெண் அவனோடு சேர்ந்து பாலத்திலிருந்து எதையோ வீசினாளாம். மோதிரமா? ஜென்ட்ரி சொல்லவேயில்லை, வீட்டாரின் கல்மனசுதான் பாட்டு என்றார். எனக்கு ஆறவில்லை.

அவர் கைப்பட எழுதிய முதல் வரைவின் ஒரு பக்கம் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பாட்டில் வராத வரிகள் அதில் உண்டு. தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து இங்கே போடுங்கள்.