கரணைப் பூவுக்குக் காய்ச்சலா?

உப்புவெளி வளவுக்காரன்:
விசயம் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ. போன கிழமை முதல் மழை விழுந்ததோட வீட்டில எலி செத்த மணம். குசினியைக் கழுவி, பிரிஜ்ஜை இழுத்து, ஏணி வைச்சு சீலிங்குக்குள்ளயும் டோர்ச் அடிச்சுப் பாத்தாச்சு. ஒண்டுமில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதிலால எட்டி, "தம்பி, மீன் கழிவைப் புதைக்கிறதெண்டா கொஞ்சம் ஆழமாப் புதையுங்கோ" எண்டிட்டுப் போறா. நான் மீன் வாங்கியே மூண்டு நாள்.

பொழுதுபடக் கிணத்தடிக்குப் போனா, கறிவேப்பிலைக்குக் கீழ, முந்தநாள் வரைக்கும் வெறும் மண்ணாக் கிடந்த இடத்தில ஒரு சாமான் முளைச்சு நிக்குது. ஊதாவும் கபிலமும் கலந்த மடிச்ச சட்டி மாதிரி ஒண்டு, நடுவில சுருங்கின மூளை மாதிரிக் குமிழ். சுத்திவர இலையான். இலையெண்டு ஒண்டுகூட இல்லை. மாமி பாத்த உடனே சொன்னா, அது தான் எப்பவோ வெட்டிப்போட்ட கரணைக்கிழங்குத் துண்டாம். ஆனா இப்பிடிப் பூத்து அவவும் காணேல்லயாம்.

என்ர கேள்வி மணத்தைப் பற்றியில்லை. அந்தக் குமிழில கை வைச்சன், சுடுது. காய்ச்சல் பிள்ளையின்ர நெத்தி மாதிரி. மகளின்ர தேமாமீற்றரைக் கொண்டுவந்து வைச்சன்: 34.1. பக்கத்து வாழைத்தண்டில வைச்சா இலக்கமே வராது, அந்தத் தேமாமீற்றர் 32க்குக் கீழ காட்டாது. (மனிசி புதுத் தேமாமீற்றர் வாங்கச் சொல்லிட்டா.) உள்ளுக்குள்ள அழுகித்தான் சுடுதோ? உயிரோட இருக்கிற பூ சுடுமோ?

நிலாவெளி ரோட்:
கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழுதான் எண்டு நினைச்சம். எட்டாவது உங்கட வளவுக்குள்ள வந்திட்டுதுபோல. ரிக்கற் எவ்வளவு?

மூதூர் ரீச்சர்:
அழுகேல்லத் தம்பி. நல்ல உயிரோட, தன்ர மாப்பொருளை எரிச்சுக்கொண்டு நிக்குது. உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிச்ச காலத்தில பிள்ளையளுக்கு இதைச் சொன்னா நம்பமாட்டினம். தேமாமீற்றர் வைச்சுப் பாத்தீங்கள் பாருங்கோ, அதுவும் வாழையில ஒருக்கா வைச்சு ஒப்பிட்டு! அதுக்கே முழுப் புள்ளி.

கரணையின்ர குடும்பத்தில பூ சுடும் எண்டதை 1778இலயே லாமார்க் எண்ட பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் எழுதிப்போட்டார். அடியில பெண் பூ, அதுக்கு மேல ஆண் பூ, உச்சியில குமிழ். செத்த மிருகம் கிடக்கெண்டு நினைச்சு வண்டும் இலையானும் வரவேணும். சூடு அந்த மணத்தை ஆவியாக்கித் தூரத்துக்கு அனுப்புது. சாம்பிராணியை வெறுமனே வைச்சா மணக்குமோ, தணலில போட்டா மணக்குமோ?

சூடு எங்கயிருந்து வருகுது எண்டதுதான் வடிவான கதை. எங்கட கலங்களுக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கிற இழைமணிகள் சாப்பாட்டை எரிச்சு, அந்தச் சக்தியில ஒரு பங்கை ஏரீபீ எண்ட சக்திப் பொருளாச் சேமிக்கும். இந்தப் பூவில வேற ஒரு சுவாசப் பாதையும் திறக்கும். அந்தப் பாதையால போற சக்தியில பெரும்பகுதி வெறும் சூடாப் போயிடும். சாதாரண சுவாசத்தைச் சயனைட் நிப்பாட்டிப்போடும், இந்தப் பாதையை நிப்பாட்டாது. (மரவள்ளியும் இஞ்சியும் சேத்துச் சாப்பிட்டாக் கூடாது எண்ட கதையை இதுக்குள்ள ஆரும் கொண்டுவராதேங்கோ.)

திறக்கச் சொல்லிக் கட்டளை குடுக்கிறது ஆர்? உங்கட கரணைக்கு ஒண்டுவிட்ட சகோதரம் வூடூ லில்லி. அதின்ர ஆண் பூவில இருந்து ஏதோ ஒரு பொருள் கிளம்பித்தான் சூட்டை மூட்டுது எண்டு 1937இல வான் ஹெர்க் எண்டவர் சொன்னார். கலோரிஜென் எண்டு பேரும் வைச்சார், ஆனா பொருளைப் பிடிக்க முடியேல்லை. சரியா ஐம்பது வருசம் கழிச்சு, 1987இல, இலியா ரஸ்கின் எண்ட ஆராய்ச்சியாளரின்ர ஆக்கள் கண்டுபிடிச்சினம்: சலிசிலிக்கமிலம். அஸ்பிரினின்ர தாய்ப்பொருள்! பேந்து அஸ்பிரினையே குடுத்துப் பாத்தும் பூத்திசு சூடேறினது. எங்களுக்குக் காய்ச்சலை இறக்கிற சாமான் அதுக்குக் காய்ச்சலை ஏத்துது.

உப்புவெளி வளவுக்காரன்:
ரீச்சர், மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். "அப்ப அதுக்குப் பனடோல் குடுங்கோ" எண்டா.

மூதூர் ரீச்சர்:
பனடோல் வேற சாதி, பரசிற்றமோல். ஆனா டெங்குக் காலம், பிள்ளைக்குக் காய்ச்சலெண்டா அஸ்பிரின் பக்கம் போயிடாதேங்கோ.

கந்தளாய்க் குளத்தடி:
எங்கட அப்பா தாமரைப்பூப் பறிச்சுக் கோணேசர் கோயிலடிக்கு அனுப்புறவர். விடியப்புறம் தோணியில போகேக்க மொட்டை விரிச்சா உள்ளுக்குள்ள வண்டு படுத்திருக்கும். "குளிருக்கு ஒதுங்கியிருக்கு, கலைக்காத" எண்டுவார். நான் பகிடி எண்டு விட்டிட்டன். தாமரையும் சுடுமோ ரீச்சர்?

மூதூர் ரீச்சர்:
உங்கட அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ பிள்ளை. அவுஸ்திரேலியாவில, அடிலெயிட் தாவரவியல் தோட்டத்துத் தாமரைக் குளத்தில ரொஜர் சேமூர் எண்டவர் அளந்து பாத்து 1996இல வெளியிட்டார். வெளியில 10 பாகைக்கு இறங்கினாலும், தாமரைப் பூ 30க்கும் 36க்கும் நடுவில தன்னை வைச்சிருக்கும், ரெண்டு நாலு நாளைக்கு. குளிர் கூடக் கூட அது கூட எரிக்கும். எங்கட உடம்பு செய்யிற வேலையை ஒரு பூ செய்யுது! உள்ளுக்குப் படுத்த வண்டுக்கு இதமான சூடு கிடைக்கும், தன்ர உடம்பைச் சூடாக்கிற செலவு மிச்சம். அதுதான் பூ குடுக்கிற கூலி எண்டது சேமூரின்ர கணக்கு. எங்கட பக்கத்து ராவில காத்தே சூடுதானே, கையில பெரிசாத் தெரியாது.

உப்புவெளி வளவுக்காரன்:
இண்டைய நிலவரம்: மணம் போட்டுது. குமிழைத் தொட்டன், குளிர்ந்துபோச்சு. ஆண் பூவில இருந்து மஞ்சள் மா உதிர்ந்து அடியெல்லாம் கிடக்கு. மாமி கத்தியோட நிண்டா, நான் மீன் கூடையைக் கவிழ்த்து மூடிப்போட்டன். கிழங்கைக் கிண்டலாமோ? கறி வைக்க ஆசையாம்.

மூதூர் ரீச்சர்:
இப்ப கிண்டாதேங்கோ. பூத்த கிழங்கு சேமிப்பெல்லாத்தையும் செலவழிச்சிட்டு நிக்கும். இலை வந்து, விரிஞ்சு, காயட்டும். பிறகு கிண்டிப் பழப்புளி விட்டு வடிவா அவியுங்கோ, இல்லாட்டி தொண்டை அரிக்கும், அது ஊசி ஊசியா இருக்கிற கல்சியம் ஒட்சலேற்று.

நிலாவெளி ரோட்:
பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லியாச்சோ?

உப்புவெளி வளவுக்காரன்:
சொன்னன். கூடையைத் தூக்கியும் காட்டினன். "மீன் கூடைதானே தம்பி" எண்டா.