உதவி: முழங்கால் எக்ஸ்ரே மாடல் வெளித் தரவில் சறுக்குகிறது

குருத்தெலும்பு:
மூட்டுத் தேய்மானத்துக்கு கேஎல் கிரேடு (கெல்கிரென்-லாரன்ஸ் அளவுகோல்: 0 என்றால் தேய்மானம் இல்லை, 4 என்றால் கடுமை) போடும் மாடலை ஓஏஐ (அமெரிக்காவின் பெரிய மூட்டுத் தேய்மான ஆய்வு) தரவில் பயிற்றுவித்தேன். ஒரே ஆளின் இரண்டு காலும் டிரெயின், டெஸ்ட் என்று பிரிந்துவிடாதபடி ஆள்வாரியாகத்தான் பிரித்தேன். ஓஏஐ டெஸ்ட் படங்களில் வெயிட்டட் காப்பா (மாடலின் கிரேடு ஏற்கெனவே போட்ட கிரேடோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8. வேறொரு மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தால் 0.5. ஆக்மென்டேஷனை (பயிற்சிப் படங்களைச் சற்றே மாற்றிப் பெருக்குவது) கூட்டியும் அசையவில்லை. எங்கே தேடுவது?

ரீஷேப்:
டைகாம் ஹெடரில் (எக்ஸ்ரே கோப்போடு வரும் விவரப் பகுதி) ஃபோட்டோமெட்ரிக் இன்டர்பிரெட்டேஷன் பாருங்க. மோனோகுரோம்1 என்றால் கருப்பு வெள்ளை தலைகீழாக இருக்கும்.

குருத்தெலும்பு:
பார்த்தாச்சு. எல்லாமே மோனோகுரோம்2.

இருட்டறை:
எக்ஸ்ரே ரூமில் வேலை பார்க்கிறவன் கேட்கிறேன்: மாடல் கூட்டிப் போடுதா, குறைச்சுப் போடுதா?

குருத்தெலும்பு:
குறைச்சுத்தான் அண்ணா. 3 பெரும்பாலும் 2 ஆகிறது, 4 போய் 3 ஆகிறது. 0-வில் சிக்கலே இல்லை.

இருட்டறை:
அப்போ புரோகிராமை விடுங்க, படம் எடுத்த விதத்தை விசாரிங்க. ஓஏஐ படங்கள் ஆளை நிற்க வைத்து, முழங்காலைச் சட்டத்தில் லேசாக மடக்கி எடுத்தவை. உடம்பு எடை ஏறினால்தான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கு என்று தெரியும். படுக்க வைத்து எடுத்தால் அதே மூட்டு அகலமாகக் காட்டும், எலும்பு முள் மட்டும் அப்படியே இருக்கும். 2-க்கு முள் போதும். 3-க்கு இடைவெளி திட்டவட்டமாகக் குறைந்திருக்கணும். அதே ஹெடரில் சீரிஸ் டிஸ்கிரிப்ஷனில் ‘ஸ்டாண்டிங்’ (நின்று எடுத்தது) என்று இருக்கா பாருங்க. பாதி நேரம் காலியாகத்தான் கிடக்கும் (நாங்களே நிரப்ப மாட்டோம்), அப்போ அந்த ரூமுக்கே போன் போடுங்க. இன்னொன்று, அந்த கிரேடை எந்தப் படம் பார்த்துப் போட்டாங்க?

வெண்பலகை:
கிராட்-கேமும் (மாடல் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று ஒளிர்த்துக் காட்டுவது) போடுங்க, மூலையில் இருக்கும் இடது வலது குறியீடு ஒளிருதான்னு. 2024-ல் வந்த ஓர் ஆய்வில் இதே ஓஏஐ முழங்கால் படங்களை வைத்து ஆள் பீர் குடிப்பவரா என்றுகூட மாடலைச் சொல்ல வைத்தார்கள். முழங்காலில் ஏது பீர்? படத்தில் ஒட்டியிருக்கும் வேறு ஏதேதோ தடயம்தான்.

குருத்தெலும்பு:
கிராட்-கேம் மூட்டில்தான் நிற்கிறது. போன் போட்டேன்: கணிசமானவை படுத்து எடுத்தவை. கிரேடோ கேஸ் ஷீட்டில் இருந்தது, நின்று எடுத்த பழைய படத்தைப் பார்த்துப் போட்டதாம்! நின்றவற்றை மட்டும் ஓட்டினால் காப்பா கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிட்டது. படுத்தவற்றில் ஃபைன்-டியூன் (மாடலுக்குக் கூடுதல் பயிற்சி) செய்யலாமா?

இருட்டறை:
வேண்டாம். படத்தில் தெரியாத இடைவெளியை மாடல் எங்கிருந்து எடுக்கும்? ஒதுக்கிடுங்க, எத்தனை படம், ஏன் ஒதுக்கினோம் என்று பேப்பரில் எழுதிடுங்க.